ராகி மட்டும் போட்டால் போதாது: வீட்டுக் கோழி வளர்க்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு தீவன வழிகாட்டி

போன ஆடி மாசத்தில் ஒரு காலை, முட்டை எடுக்கக் கூட்டுக்குள் கையை விட்டேன். முட்டை இருந்தது, ஓடுதான் இல்லை. வெறும் தோலோடு கொளகொளவென்று விரல்களுக்கு நடுவே வழுக்கியது. தோல் முட்டை என்பார்களே, அது. அதே வாரம் பதினாலு குஞ்சுகளில் ஐந்து காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. தூக்கி நிறுத்தினால் ரெண்டு அடி நடந்து மறுபடியும் உட்காரும்.

அட்டைப் பெட்டியில் குஞ்சுகளை வைத்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டர் குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தீனி போடறீங்க?" என்றார்.

"ராகி சார்."

"அப்புறம்?"

"சாயங்காலம் மீந்த சோறு."

"அப்புறம்?"

எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. "அப்ப வியாதி ஒண்ணும் இல்லைங்க, தீனிதான்" என்றார்.

ஓசூரில் பத்து வருஷம் கம்பெனி வேலை பார்த்துவிட்டுப் பாலக்கோடு பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியவன் நான். கோழி தானாக மேயும், ஒரு கை ராகி வீசினால் போதும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். அந்த ஐந்தில் மூன்று தேறவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் கேட்டும் படித்தும் கெடுத்தும் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். பத்து முதல் இருபது கோழி வளர்ப்பவர்களுக்கான அளவு இது. பண்ணைக்காரர்களுக்கு இது பொருந்தாது.

1. முதலில் எவ்வளவு தீனி என்று கணக்குப் போடுங்கள்

வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் தீனி வேண்டும். எருக்குழி, வேலி ஓரம், தரிசு நிலம் என்று நன்றாக மேய இடம் இருந்தால் பாதியை அதுவே தேடிக்கொள்ளும். நீங்கள் 40, 50 கிராம் போட்டால் போதும். வலை கட்டி அடைத்து வளர்த்தால் முழு 100 கிராமும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

இங்கே பலர் தப்பு பண்ணுவது பருவத்தில். மழை பெய்து புல்லும் பூச்சியுமாக இருக்கும் ஆவணி முதல் கார்த்திகை வரை கோழி கொழுகொழுவென்று இருக்கும். மாசி பிறந்து நிலம் காய்ந்ததும் மேய ஒன்றும் இருக்காது. நாம் அதே ஒரு கை தீனியைத்தான் போட்டுக்கொண்டிருப்போம். கோடையில் அளவைக் கூட்டியே ஆக வேண்டும்.

என்னிடம் இருப்பது பன்னிரண்டு கோழி. ஒன்றுக்கு 50 கிராம் என்றால் நாளைக்கு 600 கிராம், மாசத்துக்கு 18 கிலோ.

2. ராகியின் மேல் இருக்கும் நம்பிக்கையைக் கொஞ்சம் குறையுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களிடம் ராகியைக் குறை சொன்னால் கோபம் வரும். எனக்கும் வந்தது. "ராகியில இல்லாத சுண்ணாம்புச் சத்தா?" என்று நானே டாக்டரிடம் வாதாடினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

100 கிராம் ராகியில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தானியங்களில் இது பெரிய அளவுதான். ஆனால் 40 கிராம் நாட்டு முட்டையில் ஓடு மட்டும் 4 கிராம். அந்த ஓட்டில் இருக்கும் கால்சியம் ஒன்றரை கிராம், அதாவது 1,500 மில்லிகிராம். நாம் போடும் 50 கிராம் ராகியில் கிடைப்பது 170. தின்பது எல்லாம் உடம்பில் ஒட்டுவதும் இல்லை. பாதியாவது வீணாகும். கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து முட்டைக்கு ஓடு கட்டும். அங்கேயும் தீர்ந்துபோனால் தோல் முட்டை.

புரதமும் அப்படித்தான். ராகியில் 7 சதவீதம். முட்டையிடும் கோழிக்கு வேண்டியது 15, 16. குஞ்சுக்கு 20. ராகி வயிற்றை நிரப்பும், தெம்பு கொடுக்கும். இறகுக்கும் சதைக்கும் முட்டைக்கும் வேண்டியதை வேறு இடத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ராகியை நிறுத்தச் சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கு, ரெண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமை, கம்பு, நொய்க்கும் இதே கணக்குத்தான்.

3. குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் மூட்டைத் தீவனம்

பணம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் அதைக் குஞ்சுகளுக்குச் செலவு பண்ணுங்கள். பெரிய கோழி ஒரு மாசம் அரைகுறையாகத் தின்றாலும் தேறிக்கொள்ளும். முதல் எட்டு வாரத்தில் வளர்ச்சி கெட்டால் அந்தக் கோழி கடைசிவரை சவலைதான்.

குஞ்சுத் தீவனத்தை வீட்டில் கலக்க நான் முயன்று பார்த்தேன். புரதத்தை எப்படியோ கொண்டுவந்துவிடலாம், உயிர்ச்சத்து சரியாக வராது. குஞ்சுக்குக் கால் மடங்குவதும் விரல் சுருளுவதும் பெரும்பாலும் அதனால்தான். எனவே கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனத்தையே வாங்குங்கள். எட்டு வாரம் முடிய ஒரு குஞ்சுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ ஆகும். நான் வாங்கியபோது கிலோ 40 ரூபாய். அப்படியானால் ஒரு குஞ்சுக்கு 60 ரூபாய்.

மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். தயாரித்த தேதி, புரதம் எத்தனை சதவீதம், எந்த வயதுக் கோழிக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் கோழித் தீவனத்துக்கு உரிய எண் ஐ.எஸ். 1374, அது அச்சிட்டிருந்தால் நல்லது. பிரித்த மூட்டையிலிருந்து அரைக் கிலோ, ஒரு கிலோ என்று அள்ளிக் கொடுக்கும் கடையில் அந்தச் சீட்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.

அவசரத்தில் முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டுவிடக் கூடாது. அதில் ஓடு கட்டுவதற்காகச் சுண்ணாம்புச் சத்தை ஏற்றியிருப்பார்கள். குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது. அதேபோலக் குஞ்சுத் தீவனம் பலவற்றில் ரத்தக்கழிச்சலுக்கான மருந்து சேர்ந்திருக்கும். மீந்துபோனதை முட்டையிடும் கோழிக்குத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த முட்டையை நாம்தான் சாப்பிடப் போகிறோம்.

தாய்க்கோழியோடு குஞ்சுகள் திரிந்தால் பெரியதுகள் வந்து தீவனத்தைக் காலி பண்ணிவிடும். இடைவெளி விட்டுப் பின்னிய பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அடியில் மூன்று செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்து, உள்ளே தீவனத் தட்டை வையுங்கள். குஞ்சு நுழையும், பெட்டை வெளியிலிருந்து திட்டிக்கொண்டிருக்கும்.

ஒன்பதாவது வாரம் திடீரென்று தீவனத்தை மாற்ற வேண்டாம். ஒரு வாரம் முழுக்கப் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

4. பெரிய கோழிக்கு வீட்டுக் கலவை

நான் இப்போது பத்து கிலோவுக்குக் கலக்கும் அளவு இது:

உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ
ராகி அல்லது கம்பு 1 கிலோ
அரிசித் தவிடு 1 கிலோ 700 கிராம்
கடலைப் புண்ணாக்கு 1 கிலோ 500 கிராம்
உப்பில்லாத கருவாட்டுத் தூள் 600 கிராம்
தாது உப்புக் கலவை 200 கிராம்

ஏறக்குறைய 16 சதவீதம் புரதம் வரும். புண்ணாக்கையும் கருவாட்டுத் தூளையும் தவிட்டோடு முதலில் பிசறிக்கொண்டு, அப்புறம் தானியத்தில் கொட்டிக் கிளறுங்கள். நேராகக் கொட்டினால் தூளெல்லாம் அடியில் தங்கிவிடும்.

பொருள் வாங்கும் இடத்தில்தான் ஏமாறுவோம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

புண்ணாக்கு: எனக்குப் பெரிய அடி விழுந்தது இதில். மலிவு என்று ஒரு கடையில் அரை மூட்டை வாங்கினேன். மேலே நன்றாக இருந்தது. உள்ளே உடைத்தால் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம். தட்டிவிட்டுப் போட்டேன். ரெண்டு வாரத்தில் முட்டை பாதியாகக் குறைந்தது, கொண்டை வெளுத்தது. கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், கல்லீரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூசணம் தெரிந்தால் குப்பைக்குழியில்கூடப் போடாதீர்கள், கோழி கிளறும், மண்ணில் புதையுங்கள். வாங்கும்போது ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பாருங்கள். கடலை வாசனை வர வேண்டும். சிக்கு வாடையோ ஈர மண் வாடையோ வந்தால் வேண்டாம். ஊரில் செக்கு ஓடினால் ஆட்டிய அன்றே வாங்கிக்கொள்வது உத்தமம். மாட்டுக்கு ஊறவைப்பதுபோலப் புண்ணாக்கை இரவெல்லாம் ஊறவைத்துக் கோழிக்கு வைக்காதீர்கள், புளித்துப்போகும்.

கருவாட்டுத் தூள்: நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உப்பு அதிகமானால் குஞ்சு தண்ணீராகக் கழிந்து செத்துப்போகும். அடுத்தது மணல். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கி அஞ்சு நிமிஷம் விடுங்கள். நான் முதலில் வாங்கியதில் டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை மணல் நின்றது. கிலோ 70 ரூபாய் கொடுத்து மணல் வாங்கியிருக்கிறேன்.

தவிடு: உள்ளங்கையில் தேய்த்தால் லேசாக எண்ணெய்ப் பசை ஒட்ட வேண்டும். சொரசொரவென்று குத்தினால் உமியை அரைத்துக் கலந்திருக்கிறார்கள். தவிடு சீக்கிரம் காரல் எடுக்கும், பதினைந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

மக்காச்சோளம்: பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். அமுங்கினால் ஈரம் இருக்கிறது. ஈரம் இருந்தால் பூசணம் நிச்சயம். அறுவடைக் காலத்தில் பழகிய விவசாயியிடமே வாங்கி நாலு நாள் நல்ல வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் மூடிபோட்ட டிரம்மில், தரையில் படாமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஒரு மாசத்துக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மட்டும்.

5. வீட்டில் கலந்தால் மிச்சமாகுமா?

உண்மையைச் சொன்னால், பெரிசாக ஆகாது. நான் கடைசியாக வாங்கிய விலை: மக்காச்சோளம் 26, ராகி 38, தவிடு 20, புண்ணாக்கு 50, கருவாட்டுத் தூள் 70, தாது உப்பு 100 ரூபாய். பத்து கிலோவுக்கு 339 ரூபாய். பெரிய கோழிக்கான மூட்டைத் தீவனத்தைவிடக் கிலோவுக்கு ரெண்டு மூன்று ரூபாய்தான் குறைகிறது. பாலக்கோட்டுக்கு வண்டி ஓட்டிய பெட்ரோலைச் சேர்த்தால் அதுவும் இல்லை.

சொந்த நிலத்தில் மக்காச்சோளமோ ராகியோ விளைந்தால், கடலை ஆட்டிய புண்ணாக்கு வீட்டில் மிஞ்சினால், கலப்பது லாபம். எல்லாவற்றையும் கடையில் வாங்கும் நிலை என்றால் மூட்டையே வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். எனக்கு ராகி வீட்டில் விளைகிறது, அதனால் கலக்கிறேன். பன்னிரண்டு கோழிக்கு மாசம் 600 ரூபாய்க்குள் முடிகிறது.

6. கிளிஞ்சலும் கல்லும் தனிச் சட்டியில்

கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனியாக ஒரு மண் சட்டியில் வையுங்கள். முட்டையிடும் பெட்டை தேவையானதைக் கொத்திக்கொள்ளும். சேவலும் இளம் கோழியும் அதிகமாகத் தொடாது. முட்டையிடும் நாளில் ஒரு கோழிக்கு ஏறக்குறைய 8 கிராம் போகும். தீவனக் கடையில் மலிவாகவே கிடைக்கும். கிடைக்காவிட்டால் முட்டை ஓடுகளை வாணலியில் வறுத்து நொறுக்கிப் போடலாம். நன்றாக நொறுக்குங்கள், ஓடு ஓடாகப் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்தக் கற்றுக்கொள்ளும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், வாயும் குடலும் வெந்துபோகும். கிளிஞ்சல் வைத்த மூன்றாவது வாரம் எனக்குத் தோல் முட்டை நின்றது.

வலைக்குள் வளர்ப்பவர்கள் பொடிக் கல்லும் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கேட்ட கேள்வி: "தம்பி, கோழிக்குப் பல்லா இருக்குது? கல்லு இல்லாம எதுல அரைக்கும்?" வெளியே மேயும் கோழிக்கு இந்தக் கவலை இல்லை.

7. காசில்லாமல் கிடைப்பவை

கரையான்தான் முதலில். பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் தூக்கினால் கரையான் அப்பியிருக்கும். அப்படியே குஞ்சுகள் முன்னால் தட்டுங்கள். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடியைப் பற்றி நிறையப் பேர் பெரிதாகப் பேசுவார்கள். காய்ந்த அசோலாவில் 25 சதவீதம்வரை புரதம் உண்டு, சரி. ஆனால் பச்சையாக அள்ளினால் அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிராம் பச்சை அசோலாவில் ஒன்றரை கிராம் புரதம் தேறும். கீரைக்குப் பதிலாகப் போடுங்கள், புண்ணாக்குக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் ஒரு வசதி, பட்டுப்புழு. நூல் எடுக்கும் இடங்களில் மிஞ்சும் கூட்டுப்புழுவில் புரதம் அபாரம். அன்றைக்கே வாங்கி, மொறுமொறுவென்று காயவைத்துப் பொடித்து, கருவாட்டுத் தூளில் பாதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். ஒரு நாள் ஈரமாகக் கிடந்தால் நாறிவிடும், முட்டையிலும் வாடை அடிக்கும். வீட்டில் முதலில் சம்மதம் கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் மாடியில் காயவைத்ததற்கு எனக்குக் கிடைத்த பேச்சு தனிக் கதை.

மஞ்சள் கரு நிறம் ஏற வேண்டும் என்றால் முருங்கைக்கீரை, மஞ்சள் மக்காச்சோளம், செண்டுமல்லி இதழ். தோட்டத்துப் பூவாக இருந்தால் மருந்து அடித்தது எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

8. கண்ணில் காட்டக் கூடாதவை

குச்சிக்கிழங்கின் பச்சைத் தோலும் இலையும். மரவள்ளி போட்டவர்கள் வீட்டில் தோல் குவிந்து கிடக்கும், கோழி கொத்தும்; அதில் சயனைடு நஞ்சு உண்டு. உடனே அள்ளிவிடுங்கள்.

தக்காளி விலை விழுந்து பாலக்கோடு பக்கம் ரோட்டோரம் கொட்டும் நாட்களில் பழுத்த பழம் ரெண்டு போடலாம். செடி, இலை, பச்சைக் காய் வேண்டாம். பச்சை ஏறிய உருளைக்கிழங்குத் தோல், ஊறுகாய், உப்புக் கருவாட்டுத் தலை, வேகாத பீன்ஸ் விதை, ஊசிப்போன சோறு, விதைப்புக்கு மருந்து தடவிய தானியம், இவையெல்லாம் இதே கணக்கில் சேரும். சவுண்டல் இலையும் கொஞ்சத்துக்கு மேல் ஆகாது, அதில் இருக்கும் மைமோசின் என்ற நஞ்சு கோழிக்கு ஒத்துக்கொள்ளாது.

9. காகித வேலை

வீட்டுத் தேவைக்குப் பத்து இருபது கோழிக்குக் காகிதம் ஒன்றும் தேவைப்படவில்லை எனக்கு. அரசு மானியக் குஞ்சு வாங்குவதாக இருந்தால்தான் அலைச்சல். ஆதரவற்ற பெண்கள், விதவைகள் போன்றவர்களுக்கு நாலு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பாதி விலையில் கொடுக்கும் திட்டம் நடந்திருக்கிறது. 250 குஞ்சு வைக்கும் பண்ணைத் திட்டத்துக்கு 625 சதுர அடி இடம் கேட்டார்கள். திட்டம் வருஷத்துக்கு வருஷம் மாறும். உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில்தான் விண்ணப்பம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ரெண்டு போட்டோ, இடத்துக்குச் சிட்டா அடங்கல் என்று ஒரு உறையில் நகல் எடுத்து வைத்துக்கொண்டால் ரெண்டு நடை மிச்சம்.

குஞ்சு வரும் தேதி தெரிந்ததுமே தீவனத்தை வாங்கிவிடுங்கள். நாலு வாரக் குஞ்சுக்கு இன்னும் நாலு வாரம் குஞ்சுத் தீவனம் வேண்டும், ஒன்றுக்கு ஒரு கிலோ. 40 குஞ்சு என்றால் 40 கிலோ, நான் வாங்கிய விலையில் ஏறக்குறைய 1,600 ரூபாய். குஞ்சு மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் இந்தப் பணத்தை ஒதுக்க மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தகத்துக்குப் போகும்போதே வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி என்றைக்குப் போடுகிறார்கள், குடல்புழு மருந்து எப்போது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். புழு இருக்கும் வயிற்றில் எந்தத் தீவனமும் ஒட்டாது.

பயிற்சி வேண்டுமானால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஓசூர் மத்திகிரியில் இருக்கும் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். தீவனத்தைச் சோதித்துப் பார்க்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆய்வகம் இருக்கிறது. பன்னிரண்டு கோழிக்கு அவ்வளவு தூரம் போவது எனக்கு அதிகமாகத் தோன்றியது. டம்ளர் தண்ணீரும் மூக்கும் போதும்.

10. நேரமும் தண்ணீரும்

காலையில் திறந்துவிடும்போது கால் பங்கு. நிறையப் போட்டால் மேயப் போகாமல் வாசலிலேயே நிற்கும். மிச்சம் முக்கால் பங்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே குரல். பத்து நாளில் தானாக வந்து நிற்கும். நரி, நாய் பயமும் குறையும். மண்ணில் வீசாமல் தட்டில் வையுங்கள். சித்திரை வெயிலில் பகல் நேரத்தில் தீவனமே வேண்டாம்.

தின்னும் தீனியைப்போல ரெண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கோடையில் ஒரு கோழிக்குக் கால் லிட்டர். எங்கள் போர் தண்ணீர் உப்பு, தட்டில் வெள்ளையாகப் படியும். அதனால் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே வைக்கிறேன். தினமும் தட்டைத் தேய்த்துக் கழுவி நிழலில் வையுங்கள்.

ராத்திரி கூட்டில் ஏறி அடங்கியதும் ஒவ்வொரு கோழியாகக் கழுத்துக்குக் கீழே தடவிப் பாருங்கள். தீனிப்பை எலுமிச்சம்பழம்போல உருண்டு நின்றால் வயிறு நிறைந்திருக்கிறது. தட்டையாக இருந்தால் மற்றதுகள் அதை விரட்டியிருக்கும். நாளைக்கு அதற்கு இன்னொரு தட்டு தள்ளி வையுங்கள். காலையிலும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அப்போதும் கல்லுபோலக் கெட்டியாக இருந்தால் தீனி செரிக்காமல் அடைத்திருக்கிறது; அன்றைக்குத் தீனி போடாமல் தண்ணீர் மட்டும் வைத்து, கோழியை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.